பிரான்சுக்கு எதிராக நான் எழுதிய அறிக்கை

இந்த வருடம் மே மாதத்தில் மூன்று கிழமைகள், இருபத்தொரு நாட்களாக, நான் பிரான்சுக்கு எதிராக ஒரு வழக்கு நடத்தினேன். அந்த நாட்டுக்கு இது தெரியாது. எதிர்த்தரப்பில் இருபது வயதான என் மகள். நீதிபதி என் மனைவி. நீதிமன்றம் லண்டனில், இல்ஃபோர்டில் எங்கள் வீட்டுக் குசினி.

வழக்கு ஒரு கையெழுத்தைப் பற்றியது. மகள் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் சட்டமும் பிரெஞ்சும் படிக்கிறாள். மூன்றாவது வருடத்தை லியோன் நகரத்தில் படிக்கலாம். விருப்பமில்லாதவர்கள் பிரெஞ்சை விட்டுவிட்டு, சட்டத்தை மட்டும் இங்கேயே இருந்து முடிக்கலாம். அவளுக்கு லியோனில் மாணவர் விடுதியொன்றில் அறை கிடைத்திருந்தது. அதை உறுதிப்படுத்தப் பொறுப்பாளர் என்று ஒருவர் ஒப்பமிட வேண்டும். படிவத்தை என் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். மாதக் கடைசித் திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும் என்றாள்.

"பாப்பம்" என்றேன்.

எங்கள் வீட்டில் "பாப்பம்" என்றால் இல்லை என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவள்.

உண்மைக் காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவளிடம் சொல்லத்தான் எனக்கு மூன்று கிழமைகள் பிடித்தன. பெப்ரவரியில் ஒரு பின்னேரம், வீட்டிலிருந்து சில நிமிட நடையில், பாதசாரிகள் கடக்கும் இடத்தில் ஒரு கார் அவளை இடித்துத் தள்ளியது. தோள்பட்டை எலும்பு உடைந்தது. நெற்றியில் ஒரு வெட்டுக்காயம். தெரியாத எண் ஒன்றிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. யாரோ ஒரு பெண், இவளின் தகப்பனா என்று கேட்டாள். ஆம் என்று சொன்னதற்கும் அவள் அடுத்த வசனத்தைச் சொன்னதற்கும் இடையில் ஒரு மூச்சு எடுக்கும் நேரம் இருந்திருக்கும். நான் இன்னும் அந்த மூச்சுக்குள்தான் நின்றுகொண்டிருக்கிறேன். எலும்பு பொருந்திவிட்டது. அவள் நீச்சலுக்குக்கூடப் போகத் தொடங்கிவிட்டாள். நானோ, அலுவலகத்தில் அடுத்த மேசைக்காரரின் கைபேசி அடித்தாலும் எழுந்து நிற்கிறேன்.

ஐம்பத்திரண்டு வயது மனிதன் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வதா? ஆகவே பயத்துக்கு வேறு உடுப்புப் போட்டேன். பிரான்ஸ் பாதுகாப்பான நாடு அல்ல என்று நிரூபிப்பதென்று முடிவெடுத்தேன்.

அதற்குத் தேவையான தொழில் எனக்குக் கைவந்தது. நான் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன். யாழ்ப்பாணப் பக்கமிருந்து அடைக்கலம் கேட்டு வரும் எங்கள் சனத்தின் வாக்குமூலங்களைத் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலை. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு பந்திக்கும், அதாவது பத்திக்கும், இலக்கம். முதலாவது பந்தியில் பிறப்பு, கடைசிப் பந்தியில் இன்றைய நிலைமை, நடுவில் ஏன் அந்த நாட்டில் இருக்க முடியாது என்பதற்கான சம்பவங்கள், கால ஒழுங்கில். கூடவே நாட்டு நிலவர அறிக்கை ஒன்று. இருபது வருடங்களாக நான் பிறந்த நாடு ஒன்றுக்கு எதிராகவே எழுதி வந்தவன், முதல் தடவையாக வேறொரு நாட்டை எடுத்தேன்.

நூலகத்தில் நான்கு புத்தகங்கள் இரவல் வாங்கினேன். வேலைக்குப் போகும் ரயிலில் வாசித்தேன். இல்ஃபோர்டில் ஏறும்போது ஒரு அரசன் முடிசூடுவான். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்குவதற்குள் அவனை யாராவது முடித்துவிடுவார்கள்.

தொடக்கமே எனக்குச் சாதகமாக இருந்தது. பண்டைய காலத்தில் அது கோல் எனப்பட்ட நாடு. ரோமானியத் தளபதி ஒருவன் படையோடு வந்து, எட்டு வருடம் சண்டை பிடித்து, எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டான். போதாததற்கு அந்தப் போரைப் பற்றிய புத்தகத்தையும் அவனே எழுதினான். எதிர்த்து நின்ற தலைவனை ரோமுக்குக் கொண்டுபோய், ஆறு வருடம் சிறையில் வைத்துக் கொன்றார்கள். இரண்டாவது பந்தி முடிந்தது. லியோன்தான் ரோமானியர் அங்கே வைத்திருந்த பெரிய நகரம் என்று அறிந்தபோது காதைத் தீட்டிக்கொண்டேன். இரண்டாம் நூற்றாண்டில் அதே லியோனில் கிறிஸ்தவர்களை அரங்கில் விலங்குகளுக்கு முன்னால் விட்டிருக்கிறார்கள். நான்காவது பந்தியில் அதை எழுதி அடிக்கோடும் இட்டேன்.

ரோமானியர் போக, பிராங்குகள் வந்தார்கள். நாட்டுக்கு இன்றுள்ள பெயர் அவர்களால் வந்தது. அவர்களின் அரசன் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவன் ஆனான். அதற்கு முதல் ஆள் எவ்வளவு சாந்தம் என்று கேளுங்கள். கொள்ளையடித்த பூச்சாடி ஒன்றை உடைத்த போர்வீரனின் தலையை ஒரு வருடம் காத்திருந்து பிளந்தவன் என்று ஒரு கதை உண்டு. பூச்சாடிக்கு இந்தப் பாடு என்றால் விடுதியில் ஜன்னல் கண்ணாடி உடைந்தால் என்ன நடக்கும்?

அடுத்து ஒரு மாபெரும் சக்கரவர்த்தி. எண்ணூறாம் ஆண்டு, கிறிஸ்து பிறந்த நத்தார் தினத்தில் ரோமில் முடிசூடியவர். அரை ஐரோப்பாவை ஆண்டார். அவருக்குப் பின்னால் பேரன்மார் மூன்று பேர் இராச்சியத்தை மூன்று துண்டாகப் பிரித்தார்கள். மேற்குத் துண்டு பிரான்ஸ் ஆனது, கிழக்குத் துண்டு ஜெர்மனி ஆனது. நடுத்துண்டு யாருக்கு என்பதில் தொடங்கிய இழுபறி கடந்த நூற்றாண்டு வரை ஓயவில்லை. இதை விளங்கிக்கொள்ள எனக்கு எந்தப் பேராசிரியரும் தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் வேலிக்கு ஊன்றும் கதியால் தடியை அரை அடி தள்ளி நட்டால் மூன்று தலைமுறைக்கு வழக்கு நடக்கும். இது கொஞ்சம் பெரிய வேலி.

வடக்கிலிருந்து படகுகளில் வந்த கொள்ளையரின் தொல்லை தாங்காமல் கடற்கரையோரத்தில் ஒரு மாகாணத்தையே அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் பிரெஞ்சு பேசப் பழகி, நூற்றைம்பது வருடத்தில் இங்கிலாந்தையும் பிடித்தார்கள். அதனால் இங்கிலாந்து அரசர்கள் பிரான்சுக்கும் உரிமை கேட்க, நூறு வருடப் போர் வந்தது. பெயர்தான் நூறு. நடந்தது நூற்றுப் பதினாறு. இடையில் கொள்ளைநோய் வேறு. பிரான்சின் படைக்கு முன்னால் நின்ற கிராமத்துப் பெண்ணொருத்தியைப் பிடித்து உயிரோடு எரித்தார்கள். அவளுக்கு வயது பத்தொன்பது இருக்கும். "என் மகளை விட ஒரு வயது குறைவு" என்று எழுதினேன். நல்ல வாக்குமூலத்தில் இப்படி ஒரு வரி வேண்டும்.

பிறகு மதச் சண்டை. அரச குடும்பத்துக் கல்யாணத்துக்குப் பாரிஸ் வந்த புரட்டஸ்தாந்து விருந்தாளிகளைச் சில நாட்களிலேயே வெட்டத் தொடங்கினார்கள். தப்பியவர்களுக்குப் பிற்காலத்தில் ஒரு அரசன் வழிபாட்டுச் சுதந்திரம் கொடுத்தான். அவனுடைய பேரன் அதைப் பறித்தான். எழுபத்திரண்டு வருடம் சிம்மாசனத்தில் இருந்து, வேர்சேயில் அந்தப் பெரிய மாளிகையைக் கட்டியவன் அவன்தான். ஆயிரக்கணக்கில் சனம் லண்டனுக்கு ஓடிவந்தது. பிரிக் லேனில் அவர்கள் கட்டிய தேவாலயம் பிறகு யூதர்களின் தொழுகைக்கூடமாகி, இப்போது மசூதியாக இருக்கிறது. நான் அந்தச் சுவரோரம் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். அகதி என்பதற்கு எங்கள் கோப்புகளில் நாளாந்தம் தட்டச்சு செய்யும் ஆங்கிலச் சொல்லே அவர்களோடு கடல் கடந்து வந்ததாம். என் வழக்குக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

புரட்சிக்கு இரண்டு பக்கம் ஒதுக்கினேன். மக்கள் ஜூலை பதினான்காம் தேதி பெரிய சிறையொன்றை உடைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் ஏழு பேர். நாலு வருடத்தில் அரசனின் தலை போயிற்று, பிறகு அரசியின் தலை, பிறகு தலைகளை எடுத்தவர்களின் தலைகள். அந்த வெட்டு இயந்திரத்தைக் கடைசியாகப் பாவித்தது 1977இல் என்று வாசித்தபோது துள்ளி எழுந்தேன். நான் பிறந்த பிறகு! புரட்சிக்குப் பிறகு அந்தக் குள்ளச் சக்கரவர்த்தி, மொஸ்கோவரை போய்ப் பனியில் படையைத் தொலைத்தது. பிறகு அரசன், புரட்சி, இன்னொரு அரசன், புரட்சி, குடியரசு, மறுபடி சக்கரவர்த்தி, மறுபடி குடியரசு. இப்போது நடப்பது ஐந்தாவது குடியரசு. நாலு தரம் இடிந்து ஐந்தாம் தரம் கட்டிய வீட்டில் பிள்ளைக்கு அறை எடுப்பார்களா?

இரண்டாம் உலகப் போர் வந்தபோது கேலி நின்றுவிட்டது. ஜெர்மன்காரர் பாரிஸைப் பிடித்திருந்த காலத்தில், நாட்டின் சொந்தப் பொலிசே யூதக் குடும்பங்களைப் பிள்ளைகளோடு சுற்றிவளைத்துப் பிடித்து ஒப்படைத்தது. ஊரில் வளர்ந்த எனக்குச் சுற்றிவளைப்பு எப்படியிருக்கும் என்று தெரியும். புத்தகத்தை மூடிவிட்டு, ரயில் ஸ்ட்ராட்ஃபோர்டைத் தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பந்தியை இரண்டு வரியில் முடித்தேன். வழக்குக்காக அதைப் பாவிக்கக் கூசியது.

கடைசிப் பந்தி இன்றைய நிலைமை. அதற்கு நேரடிச் சாட்சி வேண்டும் என்று பாரிஸில் இருக்கும் என் தம்பிக்கு அழைத்தேன்.

"உங்க நிலைமை எப்பிடியடா?"

"என்ன நிலைமை அண்ணை? மழை."

"அதில்லை. நாட்டு நிலைமை."

"வெள்ளிக்கிழமை ரயில் இல்லை. ஸ்ட்ரைக்."

"அதுக்கு முதல் கிழமை?"

"குப்பை எடுக்கேல்லை. அதுவும் ஸ்ட்ரைக்."

"உங்களுக்குப் பயமில்லையோ?"

"இதுக்கென்ன பயம்? அவங்கள் ரெண்டு மாசம் ஸ்ட்ரைக் செய்யாமல் இருந்தால்தான் நாங்கள் பயப்பிடுவம், ஏதோ பிழையெண்டு." சிரித்துவிட்டுக் கேட்டான்: "என்னண்ணை, பிள்ளையை விட மனமில்லையோ? நான் வரேக்க எனக்குப் பத்தொன்பது. ஒரு சொல் பிரெஞ்சு தெரியாது. அம்மா விட்டவதானே."

"அப்ப ஊரில செல்லடி, குண்டு."

"இப்ப இல்லைத்தானே" என்றான்.

அவன் அங்கே அடைக்கலம் கேட்டு, கிடைத்து, முப்பது வருடமாக இருக்கிறான். உணவகக் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கியவன் இப்போது அந்தக் குசினிக்கே பெரியவன். அவனைப் பற்றி ஒரு வரி எழுதினேன்: "எனக்கு அந்த நாட்டில் உறவினர் ஒருவர் உண்டு." அவ்வளவுதான். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த தமிழர்களைப் பற்றி நாலு பக்கம் வாசித்திருந்தேன், அதை எழுதவேயில்லை. வழக்கைக் கெடுக்கும் தகவல்களை எங்கே புதைப்பது என்று எனக்குத் தெரியாதா?

பதினொரு பக்கம், நாற்பத்திரண்டு பந்தி. இதில் உள்ளவை யாவும் நான் அறிந்தவரை உண்மை என்று கீழே ஒப்பமிட்டு, படிவத்துக்கு மேலே வைத்து மகளிடம் கொடுத்தேன். நின்றபடியே முதல் பக்கத்தை வாசித்தாள்.

"அப்பா, இதென்ன? பிரான்சுக்குக் கேஸ் போட்டிருக்கிறியளோ?"

"வாசிச்சுப் பார்."

"உங்களுக்கு விசர்" என்றாள். ஆனால் கொண்டுபோனாள்.

இரண்டு நாள் கழித்து என் சாப்பாட்டுக் கோப்பைக்குக் கீழே ஒரு கடிதம் இருந்தது. குடிவரவு அதிகாரிகளிடமிருந்து வரும் நிராகரிப்புக் கடிதங்களைப் போலவே, அதே எழுத்துரு, அதே விறைப்பு. சின்ன வயதில் என் கோப்புகளுக்குத் துளையிட்டு நூல் கட்டித் தந்தவள் அல்லவா? ஆங்கிலத்தில் இருந்ததை நான் தொழில் பழக்கத்தில் மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டே வாசித்தேன்.

"உங்கள் விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்படுகிறது. நீங்கள் முறையிடும் சம்பவங்களில் பெரும்பாலானவை நூறு முதல் இரண்டாயிரம் வருடங்களுக்கு முற்பட்டவை. இவ்வளவு காலம் தாமதித்ததற்கு நீங்கள் நியாயமான விளக்கம் தரவில்லை.

"நான்காவது பந்தி கிறிஸ்தவர்களைப் பற்றியது. நீங்கள் சைவம்.

"பத்தொன்பது வயதுப் பெண்ணை எரித்தது இங்கிலாந்துத் தரப்பு என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. நீங்கள் தற்போது மன அமைதியோடு வசிப்பது இங்கிலாந்தில். இது உங்கள் நம்பகத்தன்மையைப் பாதிக்கிறது. சக்கரவர்த்தி குள்ளன் அல்ல, சராசரி உயரம். அவரைக் குள்ளனாக்கியதும் இங்கிலாந்துக் கேலிச்சித்திரக்காரர்கள்.

"பாரிஸில் ஆபத்து உண்டென்று ஏற்றுக்கொண்டாலும், உங்கள் மகள் நாட்டின் வேறொரு பகுதிக்கு இடம்பெயர்ந்து வாழலாம். உதாரணமாக லியோன்.

"உங்கள் சொந்தத் தம்பி அந்த நாட்டில் பாதுகாப்புக் கேட்டுப் பெற்றவர். அவரை நாற்பத்தோராம் பந்தியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். மேன்முறையீடு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு."

என் கட்சிக்காரர்கள் இந்தக் கடிதங்களை ஏன் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்கிறார்கள் என்று அன்றுதான் விளங்கியது. ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்ல வாய் உன்னுகிறது. அதேநேரம் ஒவ்வொரு வரியும் சரியாகவும் இருக்கிறது.

ஞாயிறு நண்டுக் கறி. விரல்களைக் கழுவி முடித்ததும் மகள் இரண்டு தாள்களோடு எதிரே இருந்தாள். மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் மனைவிக்கு அன்று ஓய்வு நாள். நண்டுக் கோதுகளைக் குப்பையில் கொட்டிவிட்டு வந்து நடுவில் உட்கார்ந்தாள்.

"கெதியா முடியுங்கோ ரெண்டு பேரும். எனக்கு நித்திரை வருது."

நான் அண்மைக்காலத்துப் பந்திகளுக்கு வந்தேன். ஆர்ப்பாட்டங்கள், வேலைநிறுத்தங்கள், பத்து வருடத்துக்கு முந்திய பாரிஸ் தாக்குதல்கள். மகள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"லண்டனிலயும் தாக்குதல் நடந்ததுதானே அப்பா?"

"ஓம். நடந்தது."

"அப்ப அம்மாவை வேலைக்கு விடாமல் மறிச்சனீங்களோ?"

"இவர் மறிச்சிருந்தால் தெரிஞ்சிருக்கும்" என்றாள் நீதிபதி.

"என்னைக் கார் இடிச்சது இல்ஃபோர்டில. இடிச்சது பிரெஞ்சுக்காரனுமில்லை."

அவள் தாள்களைக் கவிழ்த்து வைத்தாள். குரல் மாறியது.

"கடைசிக் கேள்வி. நான் போனால் என்ன நடக்குமெண்டு பயப்பிடுறியள்?"

இந்தக் கேள்வியை நான் எத்தனை நூறு பேருக்குத் தமிழில் கேட்டிருப்பேன்! எல்லா நேர்காணலிலும் இது வரும். திரும்பிப் போனால் உங்களுக்கு என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள்? தேதிகளை அடுக்கிச் சொன்னவர்கள் இந்த இடத்தில் மேசையைப் பார்ப்பார்கள். மொழிபெயர்ப்பாளன் உதவி செய்யக்கூடாது, காத்திருக்க வேண்டும். நானும் மேசையைப் பார்த்தேன்.

"அவருக்கு என்னெண்டா..." என்று மனைவி தொடங்கினாள்.

"அம்மா, இன்டர்ப்ரிட்டர் வேண்டாம். அவரே சொல்லட்டும்."

"ஃபோன் வரும்" என்றேன். கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். "இஞ்சயெண்டா என்னால ஓடி வரலாம் பிள்ளை. அண்டைக்கு ஓடி வந்தனான். லியோனுக்கு ஓடி வர ஏலாது."

அவள் தோள்பட்டையில், எலும்பு பொருந்திய இடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் பயம்தான் அப்பா" என்றாள். "அந்த இடத்தில நான் இன்னும் ரோட்டைக் கடக்கிறேல்லை. ஸ்டேஷனுக்குச் சுத்திப் போறன். உங்களுக்குச் சொல்லேல்லை."

"ஏன் சொல்லேல்லை?"

"நான் வெளிய வெளிக்கிட்டால் நீங்கள் ஜன்னல்ல நிக்கிறியள். திரும்பிப் பாத்தா உங்கட முகம். அதைப் பாத்தால் எனக்குக் கூடப் பயம் வருது. இஞ்ச இருந்தால் நான் எப்பவும் கார் இடிச்ச பிள்ளைதான். அங்க ஒருத்தருக்கும் தெரியாது. சும்மா ஒரு ஆளா ரோட்டைக் கடந்து பாக்கோணும்." பிறகு படிவத்தை இழுத்து எடுத்தாள். "சித்தப்பாவைக் கேட்டனான். அவர் அடுத்த நிமிசமே கையெழுத்துப் போடுறன் எண்டவர். ரெண்டு கிழமையாச்சு. நான்தான் அவருக்கு அனுப்பேல்லை."

என் தம்பி அதைத் தொலைபேசியில் சொல்லவேயில்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தகவல் புதைக்கத் தெரிந்திருக்கிறது.

மகளுக்குப் பின்னாலே நின்று பார்த்துக்கொண்டிருப்பதைப் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். அவளுக்கு அது காரை நினைவுபடுத்தும் இன்னொரு முகம்.

"சரி, வழக்குத் தள்ளுபடி" என்றாள் மனைவி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நண்டு உறைப்பு" என்றாள்.

"பேனை எங்க?" என்று கேட்டேன்.

படிவம் பிரெஞ்சில் இருந்தது. மகள் ஒவ்வொரு வரியாக எனக்கு மொழிபெயர்த்தாள். பெயர், விலாசம், மாணவிக்கு என்ன உறவு. அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் என்ற கட்டத்தில் என்னுடைய எண்ணை எழுதும்போது இரண்டு இலக்கங்களைத் திருத்த வேண்டியிருந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. தொழில் தெரிந்த மொழிபெயர்ப்பாளரைப் போலக் காத்திருந்தாள்.

செப்டம்பரில் போகிறாள். தினமும் அழைக்க வேண்டும் என்றேன். ஞாயிறும் புதனும் என்றாள். தினமும் ஒரு குறுஞ்செய்தி என்றேன். ஒரு எழுத்து மட்டும் அனுப்புவேன் என்றாள். பேச்சுவார்த்தை தொடர்கிறது. ஜன்னலில் நிற்பதை விட்டுவிட்டேன். அவள் வெளிக்கிட்டால் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கிருந்து தெரு தெரியாது.